கரண்ட் வச்ச கணக்கை எங்க கையில குடுங்க

தமிழ்நாடு சுகாதாரத்துறையில முடிவெடுக்கிற இடத்துல இருக்குறவங்களுக்கும், சென்னையில கேன்சர் வந்த குழந்தைங்களுக்கு கரண்ட், அதாவது ரேடியேஷன், வைக்கிற டாக்டருங்க, அதோட அளவ கணக்கு போடுற பிசிசிஸ்ட் சார் மேடம் எல்லாருக்கும்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டை. 2009ல எனக்கு 7 வயசு, ரெண்டாங்கிளாஸ். காலையில எழுந்ததும் வாந்தி எடுப்பேன், நடக்கும்போது ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே போவேன், எங்க ஆயா "என்னாடி இது தண்ணி போட்டவன் மாதிரி நடக்குற"ன்னு கத்தும். ஒரு மாசம் பூச்சி மாத்திரை குடுத்தாங்க, கண்ணு டாக்டர் கிட்ட காட்டுனாங்க, கடைசியில ஸ்கேன் எடுத்தப்போ தான் பின்மூளையில கட்டின்னு தெரிஞ்சுது. மெடுல்லோபிளாஸ்டோமா. குழந்தைங்க மூளையில வர்ற கேன்சர் கட்டிங்கள்ல அதிகமா வர்றது இது தான்னு பெரியவளானப்புறம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல ஆபரேஷன், அப்புறம் 6 வாரம் 30 சிட்டிங் கரண்ட், அப்புறம் ஊசி மருந்து.

எங்க பக்கம் ரேடியேஷன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கரண்ட் வைக்கிறதுன்னு தான் சொல்வாங்க, அதனால நானும் அப்படியே எழுதுறேன். குப்புறப் படுக்க வச்சு மூஞ்சிக்கு வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் போட்டு டேபிளோட மாட்டிட்டு எல்லாரும் வெளிய போயிடுவாங்க, கதவு மூடுற சத்தம் கேக்கும், அம்மா வெளிய இருந்து மைக்ல "பாப்பா நூறு எண்ணு, முடிஞ்சிடும்"னு சொல்லும். அன்னிக்கு எண்ணுனவ இன்னிக்கு உக்காந்து இதை டைப் பண்ணிட்டு இருக்கேன். அதனால கரண்டுக்கு எதிரா ஒரு வார்த்தை கூட இந்த மடல்ல வராது. 1953ல மான்செஸ்டர்ல பேட்டர்சன், ஃபார்னு ரெண்டு பேரு மூளை, முதுகுத்தண்டு முழுக்க கரண்ட் வச்சா இந்த நோய்ல பிள்ளைங்க பிழைக்கிறாங்கன்னு எழுதுனாங்க. அதுக்கு முன்னாடி எங்கள மாதிரி பிள்ளைங்க பெரும்பாலும் செத்துட்டாங்க. இன்னிக்கு ரிஸ்க் கம்மியான வகையில நூத்துக்கு எண்பது பேரு போல 5 வருஷம் தாண்டுறாங்க. அப்படி தாண்டுனவங்கள்ல நானும் ஒருத்தி. நான் கேக்குறது அந்த 5 வருஷத்துக்கு அப்புறம் வர்ற அம்பது வருஷத்தப் பத்தி.

வர்ற ஆவணியில எனக்கு 25 முடியுது. போன வருஷம் மாதவிடாய் பிரச்சனைக்கு ஒரு லேடி டாக்டர் கிட்ட போனேன், கதையெல்லாம் பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு "உனக்கு முதுகுத்தண்டுக்கும் வச்சாங்கன்னா முன்பக்கம் நெஞ்சுக்கு எவ்ளோ கிரே போயிருக்கும்? தைராய்டுக்கு எவ்ளோ? பேப்பர் இருந்தா எடுத்துட்டு வா"ன்னாங்க. கிரேங்கிறது உடம்புல விழுந்த கதிர அளக்குற அலகு. எனக்கு அப்ப தான் உறைச்சுது, 16 வருஷத்துல இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்ல, நாங்களும் கேட்டதில்ல.

எங்க வீட்டு பேப்பர் 2015 டிசம்பர் வெள்ளத்துல போச்சு. கால்வாய் தண்ணி வீட்டுக்குள்ள இடுப்பளவு, ரேஷன் கார்டு, அப்பாவோட ஹார்பர் பாஸ், என் ஃபைல் எல்லாம் பீரோ அடித்தட்டுல ஒரே கவர்ல இருந்துச்சு. தண்ணி வடிஞ்சப்போ ஃபைல் கூழாயிடுச்சு, அம்மா அதை மொட்டைமாடியில காய வச்சு பாத்துச்சு, இங்க் எல்லாம் ஓடிப்போய் ஒண்ணும் தெரியல. சரி ஆஸ்பத்திரியில இருக்கும்னு போனேன். (பேரு சொல்ல மாட்டேன், அங்க இருக்கவங்க தான் என்னை காப்பாத்துனாங்க.) மூணு தடவ அலைஞ்சேன். அந்த மெஷின் இப்ப இல்ல, அந்த கம்ப்யூட்டரையும் கண்டெம் பண்ணி அனுப்பிட்டாங்க, ரெஜிஸ்டர்ல என் பேரு, நம்பர், தேதி, "54 கிரே, 30" அவ்ளோ தான். தேடிக் குடுத்த அண்ணன் கூட ரொம்ப வருத்தப்பட்டாரு.

54ங்கிறது கட்டி இருந்த இடத்துக்கு போன மொத்தக் கணக்கு. ஒரு சிட்டிங்குக்கு 1.8 வீதம் 30 சிட்டிங், கணக்கு சரியா வருது. ஆனா மூளை முழுக்கவும் முதுகுத்தண்டு முழுக்கவும் எவ்ளோ வச்சாங்கன்னு அதுல இல்ல. அது 23.4 கிரேவா இருக்கலாம், ரிஸ்க் அதிகம்னு நெனச்சிருந்தா 36 கிரேவா இருக்கலாம். ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கு சார். முதுகு வழியா உள்ள போற எக்ஸ்ரே கதிர் தண்டுவடத்தோட நின்னுடாது, முன்பக்கமா வெளிய போகும், போற வழியில தைராய்டு, உணவுக்குழாய், இதயம், குடல், சினைப்பைன்னு எல்லாத்தையும் தொட்டுட்டு தான் போகும். அங்க விழுந்தது எவ்ளோன்னு தெரியாம என் உடம்போட வருங்காலத்த எந்த டாக்டராலயும் கணக்கு போட முடியாது.

இந்தக் கணக்கு எப்படி போடுறாங்கன்னு கொஞ்சம் சொல்றேன், உங்களுக்கு தெரிஞ்சது தான், ஆனா இதைப் படிக்கிற என்னை மாதிரி பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு தெரியணும். 1945ல ஹிரோஷிமா நாகசாகியில குண்டு விழுந்து பிழைச்சவங்கள 1950ல இருந்து இன்னிக்கு வரைக்கும் பின்தொடர்ந்து பாத்துட்டு இருக்காங்க, எந்த வயசுல எவ்ளோ கதிர் பட்டா பின்னாடி எந்த கேன்சர் எவ்ளோ கூடுதுன்னு நிறைய அங்க இருந்து தான் தெரிஞ்சுது, சின்ன வயசுல பட்டா அதிகம்னும் அதுல தான் தெளிவா தெரிஞ்சுது. இஸ்ரேல்ல 1950கள்ல தலையில படர்தாமரைக்காக பத்தாயிரத்துக்கு மேல பிள்ளைங்களுக்கு கொஞ்சூண்டு கதிர் வச்சாங்க, மூளைக்கு போனது சராசரியா 1.5 கிரே தான், அவங்களுக்கே பின்னாடி மூளை உறையில கட்டிங்க பல மடங்கு கூடுச்சு. ஆனா அதெல்லாம் கம்மி அளவு. எங்களுக்கு போனது 54. அதுக்கு எங்கள மாதிரி பிழைச்ச பிள்ளைங்களையே பின்தொடரணும். அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்ச குழந்தைப்பருவ கேன்சர்ல பிழைச்சவங்க ஆய்வு தான் அது. அங்க என்ன பண்ணாங்கன்னு படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. 1970கள்ல சிகிச்சை எடுத்த பிள்ளைங்களோட பழைய பேப்பர் ரெக்கார்ட எடுத்து, எந்தப் பக்கத்துல இருந்து, எவ்ளோ அகலத்துல, எந்த மெஷின்ல, எத்தனை சிட்டிங்னு பாத்து, அந்த வயசுப் பிள்ளை உடம்பு மாதிரி ஒரு மாடல் வச்சு ஒவ்வொரு உறுப்புக்கும் எவ்ளோ போயிருக்கும்னு திரும்ப கணக்கு போட்டிருக்காங்க. 1970கள் பேப்பர். கம்ப்யூட்டர் பிளானிங் இன்னும் பரவாத காலம். ஒரு ஷீட் பேப்பர் பத்திரமா இருந்ததால அவங்களால முடிஞ்சுது.

அந்த ஆய்வுல இருந்து ரெண்டு மூணு நம்பர் சொல்றேன், பயப்படாம படிங்க. எல்லா வகை குழந்தை கேன்சரையும் சேத்து பாத்தா, 30 வருஷத்துல வேற புது கட்டி ஏதாவது ஒண்ணு வந்தவங்க நூத்துக்கு சுமார் 20 பேரு, அதுல சாதாரண தோல் கேன்சரும் கேன்சர் இல்லாத மூளை உறைக் கட்டியும் சேத்தி, அதையெல்லாம் கழிச்சுட்டு உண்மையான கேன்சர்னு பாத்தா நூத்துக்கு 8 பேரு. மூளைக்கட்டிக்காக தலைக்கு 50 கிரேவுக்கு மேல வாங்கினவங்கள்ல 25 வருஷத்துக்குள்ள மூளை, தண்டுவடத்துல புதுசா கட்டி வந்தவங்க நூத்துக்கு 7, கரண்டே வைக்காதவங்கள்ல நூத்துக்கு 1. இன்னொண்ணு, கரண்டுக்கு அப்புறம் வர்ற கிளயோமாங்கிற மூளைக்கட்டி நடுக்கணக்கா (பாதி பேருக்கு அதுக்கு முன்னாடி, பாதி பேருக்கு அதுக்கு அப்புறம்) 9 வருஷத்துல வந்திருக்கு, மெனிஞ்சியோமாங்கிற மூளை உறைக் கட்டி 17 வருஷத்துல. எனக்கு இப்ப 17 வருஷம்.

இதுல "7 மடங்கு"ன்னு சொன்னா எங்க அம்மா மயக்கம் போட்டு விழுந்துடும். "நூத்துக்கு 93 பேருக்கு வரல"ன்னு சொன்னா அதுவும் அதே கணக்கு தான். மடங்கு சொல்றது ஒண்ணு, நூத்துக்கு எத்தனை பேருன்னு சொல்றது ஒண்ணு, குடும்பத்துக்கு ரெண்டாவதா சொல்றது தான் வேணும், அதையும் எத்தனை வருஷத்துக்குள்ளன்னு சேத்து சொல்லணும். என் வேண்டுகோள்ல இது சின்ன விஷயம் தான், ஆனா ஒரு டாக்டர் இதை எப்படி வாயத் தொறந்து சொல்றாருங்கிறதுல ஒரு குடும்பம் பத்து வருஷம் தூங்குறதும் தூங்காததும் இருக்கு.

அப்புறம் கணக்கு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரே மாதிரி இல்ல. தைராய்டுக்கு 20, 30 கிரே வரைக்கும் கேன்சர் வாய்ப்பு ஏறிட்டே போகுது, அதுக்கு மேல போனா இறங்குது. முதல்ல எனக்கு புரியல, அதிகம் போனா எப்படி கம்மியாகும்னு. அதிகமா போன இடத்துல செல்லே செத்துடும், செத்த செல் கேன்சர் ஆகாது, அரைகுறையா அடிபட்டு உயிரோட இருக்குற செல் தான் பின்னாடி பிரச்சனை பண்ணும். அதனால 54 கிரே போன இடத்த மட்டும் பாத்தா பத்தாது, 2 கிரே, 5 கிரே, 10 கிரேன்னு ஓரத்துல சிதறி விழுந்த இடங்களையும் பாக்கணும். மூளையில அந்த மாதிரி இறங்குறது தெரியல, அளவு ஏற ஏற ரிஸ்கும் ஏறுது. ரெஜிஸ்டர்ல "54"ன்னு ஒரே நம்பர் எழுதி வைக்கிறது ஏன் எங்களுக்கு பத்தலன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

அப்ப அளவையே குறைச்சுடலாமேன்னு யாராவது கேப்பாங்க. செஞ்சு பாத்தாங்க. 3ல இருந்து 7 வயசு பிள்ளைங்களுக்கு மூளை முதுகுத்தண்டுக்கு 23.4க்கு பதிலா 18 கிரே வச்சு பாத்த ஆய்வு 2021ல வந்துச்சு, 5 வருஷம் நோய் திரும்பாம இருந்தவங்க 23.4ல நூத்துக்கு 83 பேரு போல, 18ல 71 பேரு போல. அதாவது பின்னாடி வர்ற ஆபத்துக்கு பயந்து குறைச்சா முன்னாடியே பிள்ளைங்க போயிடுது. அதனால தேவையான அளவு வைங்க, வச்சதை எழுதி வைங்க, எழுதுனதை எங்க கையில குடுங்கன்னு தான் கேக்குறேன்.

அந்த லேடி டாக்டர் ஏன் நெஞ்சப் பத்தி கேட்டாங்கன்னா, சின்ன வயசுல நெஞ்சுக்கு 10 கிரேயும் அதுக்கு மேலயும் போன பொண்ணுங்களுக்கு 25 வயசுல இருந்து, இல்ல கரண்ட் முடிஞ்சு 8 வருஷம் கழிச்சு, எது பின்னாடி வருதோ அதுல இருந்து மார்பகம் செக் பண்ணிட்டு வரணும்னு உலக அளவுல டாக்டருங்க சேந்து வழிகாட்டுதல் போட்டிருக்காங்க. முதுகுத்தண்டுக்கு வச்சப்போ என் நெஞ்சுக்கு சிதறுனது 2 கிரேவா 10 கிரேவா? 2ன்னா நான் நிம்மதியா மத்த பொண்ணுங்க மாதிரி இருந்துக்கலாம். 10ன்னா வர்ற ஆவணியில இருந்து நான் வருஷா வருஷம் போகணும். இந்த ஒரு நம்பர் இல்லாததால ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கிறேன். தலைவலி வந்தா போதும், வீட்ல எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்குவாங்க, அப்பா வட்டிக்கு வாங்கி எம்ஆர்ஐ எடுக்க வைப்பாரு, மூணு தடவ எடுத்தாச்சு, மூணும் நார்மல். எல்லாருக்கும் வருஷா வருஷம் எம்ஆர்ஐ எடுங்கன்னு நான் கேக்கல. அறிகுறி இல்லாதவங்களுக்கு அது வேணும்னோ வேணாம்னோ உலக வழிகாட்டுதலே அடிச்சு சொல்லல, டாக்டரும் பேஷன்ட்டும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்கன்னு தான் சொல்லுது. உக்காந்து பேச ஒரு டாக்டரும் ஒரு ஷீட்டும் வேணும்ல.

திருவொற்றியூர்ல 2021 டிசம்பர்ல குடிசை மாற்று வாரிய பில்டிங் இடிஞ்சு 24 வீடு தரைமட்டமாச்சு, ஞாபகம் இருக்கும். ஒரு உயிரு போகல. முன்னாடியே விரிசலப் பாத்து ஜனங்க வெளிய வந்துட்டாங்க. எந்தச் சுவத்துல பாக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு, பாத்தாங்க. எனக்கு எந்தச் சுவத்தப் பாக்கணும்னே யாரும் சொல்லல.

சரி, என்ன வேணும்னு நேரா சொல்லிடுறேன். கரண்ட் முடியுற கடைசி நாள்ல ஒரே ஒரு ஷீட். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். பிள்ளையோட வயசு, உயரம், எடை, மெஷின் எது, எந்தெந்த இடத்துக்கு எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், மேல கீழ எங்க வரைக்கும் கதிர் போச்சு, தைராய்டு, நெஞ்சு, இதயம், குடல், சினைப்பைக்கு சராசரியா எவ்ளோ, என்ன கீமோ மருந்து. இப்ப பிளானிங் எல்லாம் சிடி எடுத்து கம்ப்யூட்டர்ல தான் பண்றீங்க, மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வைக்கும்போது முன்னாடி இருக்குற உறுப்புங்களுக்கு வரைபடம் போட்டுட்டா அந்த நம்பர் ஸ்கிரீன்லயே வந்துடுது, பிரிண்ட் பட்டன் அமுக்குறது தான் பாக்கி. அதோட பரம்பரையா வர்ற கோளாறு, கார்லின், லி ஃப்ராமெனி, நியூரோஃபைப்ரோமடோசிஸ் மாதிரி, இருக்கான்னு பாத்தாங்களா இல்லையான்னும் ஒரு வரி. இருக்குற பிள்ளைக்கு கரண்டுக்கு அப்புறம் வர்ற ஆபத்து ரொம்பவே வேற, கார்லின் இருந்தா கரண்ட் பட்ட தோல்லயே கேன்சர் முளைக்கும்.

அந்த பிளான் ஃபைல அழிக்காதீங்க. மெஷின் மாத்துனாலும், கம்பெனி மாத்துனாலும், கம்ப்யூட்டர் கண்டெம் ஆனாலும். மெனிஞ்சியோமா வரவே 17 வருஷம் ஆகுதுன்னா, சில வருஷத்துல ரெக்கார்ட தூக்கிப் போடுற பழக்கம் இந்த நோய்க்கு எப்படி சரிப்படும்? குழந்தையா இருக்கும்போது கரண்ட் வாங்கினவங்களுக்கு அந்த ஃபைல் ஆயுசுக்கும் இருக்கணும்னு ஒரு ஜிஓ போடுங்க. அதை வச்சுக்க வேண்டியது எங்க வீட்டு பீரோ இல்ல. வட சென்னையில பாதி வீடு ஒவ்வொரு மழைக்கும் கட்டில் மேல கட்டில் போட்டு உக்காந்திருக்கு.

கணக்கு போடும்போது அமெரிக்காக்காரங்க நம்பர அப்படியே எடுத்து எங்க மேல வைக்காதீங்கன்னும் ஒரு வேண்டுகோள். அங்க மார்பக கேன்சர் சாதாரணமாவே அதிகம், இங்க வேற. கரண்டால கூடுறத அடிப்படை அளவோட (கரண்டே வாங்காத ஜனங்களுக்கு சாதாரணமா வர்ற அளவு) பெருக்கணுமா கூட்டணுமாங்கிறது பெரிய கேள்வி, ஜப்பான் கணக்க அமெரிக்காவுக்கு கொண்டுபோகும்போதே அவங்க இதுல மண்டைய உடைச்சுக்கிட்டாங்க. நம்ம கிட்ட அடிப்படை கணக்கு இருக்கு சார். அடையார் கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல மெட்ராஸ் மெட்ரோபாலிட்டன் டியூமர் ரெஜிஸ்ட்ரி 1982ல இருந்து சென்னையில யாருக்கு என்ன கேன்சர் எந்த வயசுலன்னு எழுதிட்டு வருது. 40 வருஷத்துக்கு மேல. கரண்ட் வாங்கின பிள்ளைங்க லிஸ்ட ஒரு பக்கம் வச்சு, ரெஜிஸ்ட்ரிய இன்னொரு பக்கம் வச்சு, ரெண்டையும் வருஷத்துக்கு ஒரு தடவ ஒப்பிட்டுப் பாத்தா சென்னைப் பிள்ளைங்களோட உண்மையான நம்பர் கொஞ்சம் கொஞ்சமா நமக்கே கிடைக்கும். மணலி தொழிற்சாலை காத்து, எண்ணூர் அனல்மின் நிலைய சாம்பல், இதெல்லாம் எங்க ரிஸ்க கூட்டுதான்னு எங்க தெருவுல எல்லாரும் கேக்குறாங்க, அதுக்கும் பதில் தேட முதல்ல இந்த லிஸ்ட் வேணும்.

2019ல தரமணியில எக்ஸ்ரேக்கு பதிலா புரோட்டான் கதிர் வைக்கிற மெஷின் வந்துச்சு. புரோட்டான் தண்டுவடத்த தாண்டி முன்பக்கம் போகாம நின்னுடும், அதனால நெஞ்சு, குடலுக்கு விழுறது ரொம்ப கம்மி. எல்லாருக்கும் அது கிடைக்காதுன்னு எனக்கு தெரியும். ஆனா யாருக்கு முதல்ல குடுக்கணும்னு முடிவு பண்ண இந்த ரிஸ்க் கணக்கே தான் தேவைப்படும், வயசு சின்ன பிள்ளை, பொண்ணு, முதுகுத்தண்டு முழுக்க வைக்க வேண்டிய பிள்ளைன்னு பாத்து வரிசை போடலாம், பணம் பாத்து போடாம.

போக ஒரு இடமும் வேணும். மும்பை டாடா மெமோரியல்ல சிகிச்சை முடிஞ்ச பிள்ளைங்களுக்குன்னே 1991ல தனி கிளினிக் ஆரம்பிச்சாங்க. எங்களுக்கு வட சென்னையிலயே, ஸ்டான்லி பக்கமா, மாசத்துக்கு ஒரு நாள் போதும். தைராய்டு, உயரம், காது, கர்ப்பம், கேன்சர் செக்கப் எல்லாம் ஒரே இடத்துல. என் உயரம் 4 அடி 7 அங்குலம், தினமும் தைராய்டு மாத்திரை, இதுக்கெல்லாம் நான் நாலு ஆஸ்பத்திரி போறேன், நாலு பேருக்கும் முதல்ல இருந்து கதை சொல்றேன். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு எங்க ஆயாவுக்கு சுகர் மாத்திரை வீடு தேடி வருது, வர்ற அக்கா கையில ஒரு லிஸ்ட் இருக்கு. அந்த லிஸ்ட்ல எங்க பேரும் இருக்கலாம்ல.

எங்க அம்மா இதை எழுதக் கூடாதுன்னுச்சு. "எல்லாருக்கும் தெரிஞ்சா நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க என்னா சொல்வாங்க, தெரியாம இருக்குறதே நல்லது"ன்னு. அம்மா பயம் எனக்கு புரியுது, பின்னந்தலை தழும்ப மறைக்க அது எனக்கு பின்னல் போட்டு பூ வைக்கிறத 17 வருஷமா பாக்குறேன். டாக்டருங்க சில பேரும் இதே தான் நெனைக்கிறீங்க, சொன்னா பயந்துடுவாங்கன்னு. சொல்லாததால நாங்க பயப்படாம இல்ல. நம்பர் இல்லாத பயம் எல்லா உறுப்புலயும் இருக்கு.

கடைசியா ஃபைல் கேட்டு போன அன்னிக்கு வெயிட்டிங் ஹால்ல ஒரு பையன் பக்கத்துல உக்காந்திருந்தேன். 5 வயசு, மீஞ்சூர், எனக்கு வந்த அதே கட்டி. அன்னிக்கு 12வது சிட்டிங். நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதாம், இருபது வரைக்கும் எண்ணிட்டு திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பானாம், அவங்க அம்மா சொன்னாங்க. என்னைக் காட்டி "பாரு இந்த அக்காவும் இங்க தான் வச்சுக்கிச்சு"ன்னு சொன்னப்போ என் தலைய தொட்டுப் பாத்தான். அவனுக்கு கடைசி சிட்டிங் முடியுற அன்னிக்கு அவங்க அம்மா கையில அந்த ஷீட்ட குடுத்து அனுப்புங்க.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில இருந்து உங்க பழைய பேஷன்ட் ஒருத்தி